பொதுத் தட்டில் தொலைந்த பங்கு

வீட்டு முதியவருக்கு மறதி என்று ஊரெல்லாம் சொல்கிறீர்களே, அவர் நேற்று மதியம் என்ன சாப்பிட்டார் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

சாஃபி துறைமுக நகரத்து மஹ்ஜூபாவின் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. தொலைபேசி நிலையத்தில் இணைப்புத் தரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர் அவர். துறைமுகத்தில் பாதிப் பேருடைய எண்கள் ஒருகாலத்தில் அவருக்கு மனப்பாடம். இப்போது அடுப்பை அணைக்க மறந்தார். பாதம் மரத்து, படியில் தடுமாறினார்.

மாடியில் குடியிருந்த தம்பி மகன் இத்ரீஸ் நீதிமன்றத்தில் மனுப் போட்டான்: அத்தைக்குப் புத்தி தடுமாறிவிட்டது, சொத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மனு ஏற்கப்பட்டால் மஹ்ஜூபாவின் கையெழுத்து செல்லாது. கடலைப் பார்த்த அந்த வீடும் அவர் கையில் இருக்காது.

அன்றிலிருந்து அவருக்கு எல்லாமே சந்தேகம். இத்ரீஸின் மனைவி நஸீஹா புதினாத் தேநீர் கொண்டுவந்தால், முதல் கோப்பையை அவளைக் குடிக்கவைத்துப் பார்த்தார்.

"அத்தே, நான் வெசமா வைக்கிறேன்?"

"நீயா வைக்க மாட்டே. ஒம் புருசன் சொன்னா வைப்பே."

பக்கத்து வீட்டுக்காரிகள் கண்ணேறு என்றார்கள். மந்திரம் எழுதிய தாளைக் கரைத்த தண்ணீர் வந்தது. மையைக் குடித்தால் மூளை தெளியுமென்றால் அச்சகத்துக்காரர்கள் எல்லாரும் மேதைகளாக இருக்க வேண்டுமே! மஹ்ஜூபா அதைப் பூந்தொட்டியில் ஊற்றினார்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவரோடு வேலை பார்த்த கத்தூஜ் விருந்துக்கு வந்தாள். எல்லாருக்கும் பொதுவான பெரிய மண்தட்டில், கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்த கூஸ்கூஸ், நடுவே இறைச்சி. சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்தைச் சாப்பிட்ட பிறகு, இத்ரீஸ் இறைச்சியைப் பிய்த்து, நல்ல துண்டாக அத்தையின் பக்கம் வைத்தான். அவர் உதடு பிரியாமல் சிரித்தபடி அதை நஸீஹாவின் பக்கம் தள்ளினார். இத்தனை நாளும் இதைப் பெரியவர்களின் பாசம் என்றுதான் வீட்டார் நினைத்திருந்தார்கள். கத்தூஜ் அந்தக் கையைப் பிடித்தாள்.

"எதுக்குடி தள்றே?"

"பசியில்லே."

"வாயத் தொற."

இத்ரீஸ் சிரித்தான். "நீங்க என்ன, பல் டாக்டரா?"

"நீ சும்மா இரு. வக்கீலத் தேடத் தெரிஞ்சவனுக்கு அத்தைக்கு ஒரு பல்செட் தேடத் தெரியல!"

பல்செட் உடைந்து வெகுநாளாகியிருந்தது. வெட்கத்தில் மஹ்ஜூபா யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டியைக் குழம்பில் நனைத்து விழுங்கியே நாளை ஓட்டினார். மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டையும் இல்லை. தட்டு தினமும் காலியானது. யார் பங்கு யார் வயிற்றுக்குப் போனது என்று யார் பார்த்தார்கள்? தேநீரில் யாரும் எதையும் கலக்கவில்லை. அவருக்குள் போகவேண்டியதுதான் போகவில்லை.

கத்தூஜ் கையோடு அவரை டாக்டரிடம் அழைத்துப்போனாள். ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா முகம் சுளித்தார். "கறி, மீன், முட்டையில கெடைக்கிற பி12 சத்து அடிமட்டத்துல இருக்கு. அது கொறைஞ்சா மறதி வரும், பாதமும் மரத்துப்போகும். பல வருசமா சர்க்கரை மாத்திரை வேற சாப்பிடுறாங்க, அதுவும் இதைக் கொறைக்கும். எல்லா மறதியும் ஊசியில சரியாகாது. ஆனா பார்க்காமலே வயசு மேல பழியப் போடலாமா?"

ஊசி போட்டார்கள். புதுப் பல்செட் வந்தது. மாதங்கள் கழித்து விசாரணை வந்தபோது, நீதிபதி கேட்டதற்கெல்லாம் மஹ்ஜூபா நிதானமாகப் பதில் சொன்னார்.

"அத்தை நடிக்கிறாங்க!" என்றான் இத்ரீஸ்.

"நடிக்கவும் ஞாபகம் வேணும்டா மகனே!"

மனு தள்ளுபடியானது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைப் பிய்த்து வைப்பது மஹ்ஜூபாதான். தன் பங்கைத் தானே மெல்லுகிறார். தேநீரின் முதல் கோப்பையை மட்டும் இன்னும் நஸீஹாதான் குடிக்க வேண்டும். மனுப் போட்டவன் மாடியில்தானே இருக்கிறான்?

உங்கள் வீட்டு முதியவருக்கு நீங்களும் தீர்ப்பு எழுதி வைத்திருக்கலாம். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். இன்று மதியம் அவருக்கு எதிரே உட்காருங்கள். எதை மெல்லுகிறார், எதை ஒதுக்குகிறார் என்று பாருங்கள். நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.