மீன் ஐஸில் வந்த ஊசி மருந்து

போன புதன்கிழமை ஒரு நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போனேன். திரும்பி வரும்போது புடவை முழுக்க சங்கரா மீன் வாசனை. முகத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. இரண்டுக்கும் காரணம் பிலோமினா.

முதலில் பெட்டியைச் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த குழந்தைகள் டாக்டர் கயல்விழி, சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறார். முதல் தடுப்பூசி போட்ட பிள்ளைகளை இரண்டாவதுக்கு யாரும் தூக்கி வருவதில்லை என்று ரொம்ப நாளாகப் புலம்பல். எப்படி வருவார்கள்? வெளியே வாங்கினால் மருந்து விற்கிற விலை அப்படி! 'அரசாங்கம் இலவசமாகத் தருகிறதே, அதை வாங்கி உங்கள் கிளினிக்கிலேயே போடக் கூடாதா?' என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"நீங்களே வாங்கிக் குடுங்களேன் மேடம்" என்றார்.

விடுவேனா? நாலு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அனுமதி வாங்கியே விட்டேன். ஒரே ஒரு நிபந்தனை... மருந்து கெட்டுப்போனால் அத்தோடு சரி, அடுத்த தடவை கிடையாது. புதன்கிழமைதான் முதல் நாள். அங்கே பதினோரு குழந்தைகள் காத்திருந்தன.

கிடங்கில் மருந்து கொடுத்தவர் படித்துப் படித்துச் சொன்னார். "இந்த ஐஸ் பேக்கெல்லாம் இப்பத்தான் ஃப்ரீசர்லேர்ந்து எடுத்தது. கொஞ்ச நேரம் வெளியில வைங்க. குலுக்கினா உள்ள தண்ணி சத்தம் கேக்கணும். அப்புறமா அடுக்குங்க."

சரி சரி என்று தலையை ஆட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே! அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அப்படியே அடுக்கி மூடிவிட்டேன். ஐஸ் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லதுதானே? எம்.ஏ. படித்த மூளை அப்படித்தான் சொன்னது.

ஓ.டி. என்கிற கடலூர் பழைய டவுனில் பஸ் நின்றபோது மீன் கூடையோடு ஏறினாள் பிலோமினா. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். வீடு பிச்சாவரம் பக்கம். ஹார்பரில் மீன் எடுத்து சிதம்பரத்தில் விற்கிறாளாம். என் பக்கத்தில் உட்கார்ந்த அடுத்த நிமிஷமே விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"பொட்டியில என்னக்கா?"

"குழந்தைகளுக்குத் தடுப்பூசி மருந்து. சூடாகக் கூடாது. இலவசமாப் போடப்போறோம். உனக்குக் குழந்தை இருக்கா?"

"எட்டு மாசத்துல ஒண்ணு இருக்குது. ஒரு ஊசி போட்டதோட சரி." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மாவா குடுக்குறாங்க? சும்மா குடுக்குறது நல்ல மருந்தா இருக்குமாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. வாயில் நுரை தள்ள விளக்கினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் டயர் பஞ்சர். சித்திரை வெயில்! பெட்டியைப் பிலோமினாவிடம் ஒப்படைத்து, "பத்திரமாப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, டாக்டருக்கு போன் போடக் கீழே இறங்கினேன். சிக்னல் தேடி ரோட்டில் நடந்து, தாமதமாகும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால்...

பெட்டி திறந்து கிடக்கிறது. என் ஐஸ் பேக்கெல்லாம் படிக்கட்டில். மருந்து வைத்த பிளாஸ்டிக் கவரைச் சுற்றிப் பெட்டி நிறைய மீன் கூடை ஐஸ்!

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணே?"

"கத்தாதக்கா. உன் ஐஸு கல்லு மாதிரி இருக்குது. அது பட்டா மீனே வெறைச்சு வீணாப் பூடும். மருந்து தாங்குமா? தண்ணி வுட்ட ஐஸுதான் பதமா இருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு மாத அலைச்சல் போச்சு, பதினோரு குழந்தைகள் போச்சு. மாற்று பஸ் வந்ததும், "நீயே வந்து டாக்டர்கிட்ட சொல்லு" என்று அவளையும் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் பெட்டியைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார். "யார் வெச்ச ஐஸ் இது?"

"இவதான் டாக்டர்!" என் விரல் தானாக நீண்டது. வெட்கமே இல்லை எனக்கு.

"உப்பு போட்டியாம்மா?"

"இல்லீங்க. உப்பு போட்டா ஜாஸ்தி இறுகிடும். அது தூரமாப் போற மீனுக்குத்தான். அக்காவோட ஐஸு கல்லு மாதிரி இருந்துச்சு, அதான் எடுத்துப் போட்டுட்டேன்."

டாக்டர் குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கி ஆட்டிப் பார்த்தார், அடியில் ஏதாவது படிகிறதா என்று வைத்துப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஃப்ரீசர் ஐஸை அப்படியே வெச்சுட்டீங்களா? இந்த மருந்து உறைஞ்சா அவ்ளோதான், குப்பையில போட வேண்டியதுதான். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா எல்லாமே போயிருக்கும். நல்லவேளை, இவங்க எடுத்துட்டாங்க."

நான் பிலோமினாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மீன் வாசனை அப்போது ஒட்டியதுதான். அப்புறம் பதினோரு குழந்தைகளும் வரிசையாக வீறிட்டு அழ அழ, எனக்குக் கல்யாணக் கச்சேரி கேட்கிற சந்தோஷம்!

பிலோமினா கிளம்பவில்லை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் போனை வாங்கி வீட்டுக்காரருக்குப் போட்டாள்.

"மாமா, புள்ளைய தூக்கிக்கினு சிதம்பரம் வா. ஊசி போடணும்... ஆமா, சும்மாதான் போடுறாங்க... ஏன் நல்லா இருக்காது? என் ஐஸுல வந்த மருந்து மாமா! நல்லாத்தான் இருக்கும், வா!"

டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து சேர்ந்தது பன்னிரண்டாவது அழுகை.

வருகிற புதன்கிழமைக்கு அவள் தெருவிலிருந்து ஆறு குழந்தைகள் வருகின்றனவாம். ஐஸ் முழுக்க பிலோமினா பொறுப்பு. பெட்டி தூக்குகிற வேலைக்கு மட்டும் என்னை நம்புகிறார்கள்!