விசில் கடித்த பரீட்சகர்

பாடசாலை ஹொக்கி அணியிலிருந்து என்னை வெட்டிய பயிற்சியாளருக்கு ஒரு சிவப்பு அட்டை காட்டவேண்டும் என்பதற்காகவே, நாற்பத்தெட்டு வயதில், பெருத்த வயிற்றோடு நடுவர் வேலை படிக்கப் போன முட்டாள் நான்.

செய்முறைப் பரீட்சை உரும்பிராய் மைதானத்தில் நடந்தது. ஆடியது அந்தப் பயிற்சியாளரின் அணியேதான். பரீட்சகர் ஒல்லியான, வெயிலில் கறுத்த மனிதர். ஊதாத நேரத்திலும் விசிலைப் பல்லில் கடித்தபடியே நிற்பார்.

மூன்றாம் நிமிடத்தில், தண்ணீர்ப் போத்தல் எடுக்கக் குனிந்த பயிற்சியாளருக்குச் சிவப்பு அட்டையை நீட்டினேன். அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால் வலைக்குள் விழுந்த கோலை நான் காணவில்லை.

பரீட்சகர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அவர் என்ன செய்தவர்?"

"முப்பது வருசத்துக்கு முன்னம் என்னை அணியாலை வெட்டினவர், ஐயா."

விசிலை வாயிலிருந்து எடுத்தார். "நானும் ஒருத்தரை வெளியிலை அனுப்பத்தான் நடுவரா வந்தனான். அனுப்பியும் விட்டன். அவர் செத்தும் போனார். நான் இன்னும் ஊதிக்கொண்டு நிக்கிறன்."

பிறகு என் படிவத்தில் 'சித்தியில்லை' என்று எழுதினார்.

அவர் சொன்னது புத்திமதியா, பெருமையா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"அந்த மனிசன் வேலையைப் பழகிப்போட்டெல்லோ பழிவாங்கினது" என்றாள்.