ஒரு பொட்டு லீக் இல்லாத சௌனா

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமுக்குள் இரண்டு ஆண்கள் இடுப்பில் துண்டோடு மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் என் கணவர். இன்னொருவர்... அவருக்கு பிரமோஷன் தரவேண்டிய அதிகாரி!

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுக்காரரைத் தெரியும். பெயர் செல்வம். நெய்வேலியில் அனல் மின் நிலையத்தில் வேலை, பாய்லர் செக்‌ஷன். நீராவி எங்கே லீக் ஆகிறது என்று மோப்பம் பிடிப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவருக்குப் பிழைப்பு. அடுப்படியில் குக்கர் லேசாக 'உஸ்' என்றால் போதும், தூக்கத்திலிருந்து எழுந்து வந்துவிடுவார்.

அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. குளிர் தேசத்தில் வீட்டுக்கு வீடு மர அறை. உள்ளே ஹீட்டர், அதன் மேல் கற்கள். கல் நன்றாகச் சூடேறியதும் தண்ணீர் தெளித்தால் ஆவி. வியர்த்துக் கொட்டினால் உடம்பு வலி பறந்துவிடுமாம். சௌனா என்று பெயர்.

"சுமதி, ஸ்டோர் ரூம்ல நாமளும் ஒண்ணு போடலாமா?"

மே மாதம். நெய்வேலி. பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம் நின்றால் வியர்க்காதா? அதற்குப் பலகை, ஹீட்டரெல்லாம் எதற்கு? கேட்டேன். அவர் காதில் விழுந்தால்தானே!

மந்தாரக்குப்பத்திலிருந்து தச்சர் ரஹீம் பாய் வந்தார். அளவெடுக்கும்போதே சொன்னார்: "சார், ஹீட்டர் பக்கத்துல கீழ ஒரு ஓட்டை, எதிர் சுவத்துல மேல ஒரு ஓட்டை வுட்டுடலாம். காத்து வந்துகினு போய்கினு இருக்கணும். இல்லாட்டி மரம் ஊறிடும்."

"ஓட்டையா?" நம்மவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பாய், நான் பாய்லர்காரன். என் வூட்லயே லீக்கா?"

பலகைக்குப் பலகை இடுக்கில் பசை. கதவைச் சுற்றி ஆவி கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் கயிறு, இறுக்கமாக. கதவும் உள்பக்கமாகத்தான் திறக்கும். பாய்லர் கதவு அப்படித்தானாம், உள்ளே பிரஷர் ஏற ஏறத் தானாக இறுகுமாம். "உள்ள இருக்கிற மனுஷன் வெளிய வரவேணாமாங்க?" என்று கேட்டேன். அது டெக்னிகல் கேள்வி இல்லையாம்.

ஒரு வாரம் தினமும் உள்ளே உட்கார்ந்தார். வீடியோவில் இரண்டு கரண்டி தெளிக்கச் சொன்னால் அரை வாளி ஊற்றுவார். வெந்த நண்டு மாதிரி வெளியே வந்து, "பார்த்தியா, ஒரு பொட்டு ஆவி வெளிய வரல" என்பார்.

வரவில்லைதான். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் என் அடுப்படி அலமாரியில் அப்பளம் நமத்துப் போனது. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொண்டது. அந்த அறையில் ஊறிய சாக்கு நாற்றம். கதவோ ஊறி உப்பி, நாலாம் நாள் பலமாக இழுத்தால்தான் வந்தது, ஆறாம் நாள் சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார்.

"உள்ள ஊத்துற தண்ணியெல்லாம் எங்கங்க போகும்?"

"எங்கயும் போகாது. அதானே இதோட சிறப்பே!"

இந்த லட்சணத்தில், முதுகுவலி என்று சொன்ன அதிகாரியை "ஒரு ட்ரயல் பாருங்க சார்" என்று அழைத்துவிட்டார். அந்த வாரம்தான் பிரமோஷன் லிஸ்ட் வரவேண்டும். இரண்டு தடவை கைநழுவிப் போன பிரமோஷன். நான் கேசரி கிண்டினேன்.

முதல் பத்து நிமிஷம் உள்ளே ஒரே சிரிப்பு. அப்புறம் டொக்... டொக்...

"சுமதி, கதவைக் கொஞ்சம் தள்ளேன்."

தள்ளினேன். அசையவில்லை. உள்ளே 'படக்' என்று ஒரு சத்தம்.

"கைப்பிடி என் கையோட வந்துடுச்சு..."

"செல்வம், மூச்சு முட்டுதுய்யா" — இது அதிகாரி.

எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. பிரமோஷன் கிடக்கட்டும், உள்ளே இருப்பது இருபது வருஷமாக என்னோடு சண்டை போடுகிற மனுஷன் இல்லையா? ஓடிப்போய் ஹீட்டர் ஸ்விட்சை அணைத்தேன். "ரெண்டு பேரும் பெஞ்சு பக்கம் ஒதுங்குங்க!" என்று கத்திவிட்டு, இடுப்பால் ஓர் இடி. இரண்டாவது இடி. மூன்றாவதில் கதவும் நானும் சேர்ந்தே உள்ளே போனோம்.

அதிகாரி ஹால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இரண்டு சொம்பு மோர் குடித்தார். எங்கள் வீட்டுக்காரர் கழன்ற கைப்பிடியோடு தலைகுனிந்து நின்றார். பாவமாக இருந்தது. லிஸ்ட்டில் தன் பெயரை அவரே அடித்துவிட்ட முகம் அது.

அதிகாரி அந்த அறைப் பக்கம் திரும்பினார்.

"செல்வம், என் சர்வீஸ்ல இப்படி லீக்கே இல்லாத ஒரு யூனிட்டை நான் பார்த்ததில்லய்யா." இன்னொரு வாய் மோர். "அடுத்த தடவை ஷிஃப்ட் இன்சார்ஜா உன் வீட்டம்மாவைப் போட்டுட்டு உள்ள போ."

மறுநாள் ரஹீம் பாய் வந்து கீழே ஒன்று, மேலே ஒன்று ஓட்டை போட்டார். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினார், அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டார். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். துளை போடும்போது விசில் மட்டும் அடித்தார். இப்போது குளித்து முடித்ததும் கதவைத் திறந்துவைத்து ஃபேனைப் போட்டுவிடுகிறோம். பலகை காய்ந்துவிடுகிறது. என் அப்பளமும் பொரிகிறது.

புதன்கிழமை லிஸ்ட் வந்தது. பெயர் இருந்தது! கேசரி மறுபடியும் கிண்டினேன்.

அந்த சந்தோஷத்தோடு, இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்குமுன் வாங்கிப் படித்தார். முகம் தொங்கிவிட்டது. "ஏன் சுமதி, வீட்ல நடக்கிறதையெல்லாம் வாராவாரம் இப்படி வெளிய விடணுமா?"

"உங்களுக்கு ரெண்டு ஓட்டை போட்டாச்சு. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதாங்க."