துரைசாமி அண்ணன் விற்காத படம்

வாளையார் செக்போஸ்டில் லாரிகள் தேங்கி நிற்பதைப் பற்றி எழுதப் போயிருந்தேன். மீனாட்சிபுரத்து டிரைவர் ஒருவர் வண்டியிலிருந்தே குனிந்து, "ஏனுங்க, தெரியாதுங்களா? படக்கார அண்ணன் காலைல போயிட்டாருங்க" என்றார். இடுகாட்டில் நீங்கள் பலரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னீர்கள். அதற்கு எனக்கு அருகதையில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செய்தி என்னுடையது, படம் அவருடையது என்று பல வருடம் சேர்ந்து அலைந்தோம். துரைசாமி அண்ணன் எந்தப் பத்திரிகைக்கும் சம்பளக்காரர் இல்லை. ஒவ்வொரு பிரிண்டின் முதுகிலும் 'என் அனுமதியின்றி வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது' என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தித்தான் அனுப்புவார். இதற்கு இத்தனை பந்தாவா என்று கேலி செய்வேன். "பிரிண்டு ஊரு சுத்தட்டுமுங்க. நெகட்டிவு ஊட்டுல இருக்கோணும். அதுதானுங்க நம்ம பாத்தியதை" என்பார்.

எழுபத்து மூன்றாம் வருட மழைக்காலத்தில் போடிமெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் போனோம். டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. வாசலில் லெச்சுமி என்ற தொழிலாளி, மூச்சு இழுக்கும் மகனை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். கேட்காமல் யாரையும் எடுக்க மாட்டார் அண்ணன். "எடுத்துக்கட்டுங்களாம்மா?" என்றார். "பேப்பர்ல மட்டும் போடுங்கய்யா. இந்தக் கதவத் தொறந்தாச் சரி" என்றாள் அவள். அவர் தலையசைத்த பிறகே கேமராவைத் தூக்கினார்.

மறுநாள் மாலை மீனாட்சிபுரத்தில் அவருடைய இருட்டறையில் பிலிமைக் கழுவிக் காயப்போட்டோம். பிரிண்ட் போடும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. "காலைல போட்டு அனுப்பலாமுங்க" என்று சாப்பிடப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தையின் உயிர் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செய்தி முந்தி வரவேண்டும் என்ற அரிப்பும் இருந்தது. நெகட்டிவையே உறையில் போட்டுக் கோயம்புத்தூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். திரும்பி வந்தவர், பிலிம் காயப்போட்ட கயிறு வெறுமையாக இருப்பதைக் கண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

படம் வந்தது. கம்பவுண்டரும் வந்தார். அதற்குள் குழந்தை இறந்திருந்தது. பத்திரிகையிலிருந்து நெகட்டிவ் மட்டும் திரும்பவே இல்லை.

அடுத்த வருடம் ஒரு டானிக் கம்பெனியின் சுவரொட்டியில் அந்தப் படத்தைப் பார்த்தோம்; பத்திரிகை நெகட்டிவை அவர்களுக்கு விற்றிருந்தது. செத்த குழந்தையின் முகத்துக்கு மேலே 'இனிக் கவலை ஏன் அம்மா?' என்று அச்சடித்திருந்தார்கள். போடிமெட்டுக்கு ஓடினோம். அங்கே டீக்கடைச் சுவரிலும் அது இருந்தது. லெச்சுமி கத்தவில்லை. "எம்புள்ளைய வித்துட்டீகளேய்யா" என்றாள். அண்ணன் வாளியில் தண்ணீர் வாங்கினார். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, குழந்தையின் முகம் கிழியாமல் சுவரொட்டியை உரித்தார். கீழே இறங்கும் வழியெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் இதையே செய்தார். மறுவாரம் அதே சுவர்களில் புதிதாக ஒட்டியிருந்தார்கள்.

பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டில் டானிக் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். அந்தச் சுவரொட்டியை ஒட்டுவது நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. வக்கீல் தெளிவாகச் சொன்னார்: "படம் எடுத்தவருக்குத்தான் உரிமை. ஆனா நெகட்டிவையே குடுத்துட்டா எல்லாத்தையும் விட்டுக் குடுத்ததாத்தான் அவங்க சொல்லுவாங்க. அது உங்க சம்மதம் இல்லாமப் போச்சுன்னா, அனுப்புன ஆளைச் சொல்லணும்." நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பெயர் வெளியே வந்தால் பத்திரிகை வேலை போய்விடும். மனைவி அப்போது நிறைமாதம்.

கூண்டில் நின்றவரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், நெகட்டிவை அனுப்பியது யார் என்று. அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தானுங்க அனுப்புனேன்."

வழக்கு தோற்றது. வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். "ஒருத்தன் சோத்துல மண்ணு உழுந்தாப் போதுமுங்க. ரெண்டு பேருக்கும் எதுக்கு?" என்றார். என்னால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு மாட்டுச் சந்தை, மதகு, பாலம் என்றுதான் எடுத்தார். எந்த மனித முகத்துக்கு நேராகவும் அவர் கேமராவைத் தூக்கி நான் பார்க்கவில்லை.

அவருடைய ரப்பர் ஸ்டாம்பை அவர் மனைவி என்னிடம் தந்துவிட்டார். "உங்களைத்தானுங்க சொல்லீட்டே இருப்பாரு" என்றார். அது என் மேசையில் இருக்கிறது. தொடத் துணிவில்லை.

லெச்சுமி இன்னும் அதே எஸ்டேட்டில்தான் இருக்கிறாள். தன் பிள்ளையை விற்றவர் துரைசாமி அண்ணன் என்றே இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை பஸ் ஏறப் போகிறேன். அவர் கோர்ட்டில் பொய்யாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, அவள் முன்னால் நின்று நான் உண்மையாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்க அண்ணன் இல்லை.