மருந்து ஹோஸ் மாட்டிய ஜீப்

இரண்டு வருடங்களுக்கு முன், ஏலத்தோட்டங்களில் காயெடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த மாதத்தில் நடந்தது இது. உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. காலையில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் மலைமேல் இருக்கும் தோட்டத்தில் விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது என் வேலை. உண்மையில் அது என் வீட்டுக்காரரின் வேலை. அவர் மழைப்பாசியில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்ததால் வண்டி என் கைக்கு வந்தது. லைசென்ஸ் என்னிடம் முன்பே இருந்தது. பொம்பளை ஓட்டுகிற ஜீப்பில் இந்த மலையில் யார் ஏறுவார்கள் என்று சிலர் கேட்டார்கள். எங்கள் லயத்துப் பெண்கள் ஒரு பேச்சும் பேசாமல் ஏறினார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

முன்சீட்டில் என் பக்கத்தில் எப்போதும் ஓர் அக்கா உட்காருவார். எங்களுக்கு அடுத்த வீடு. வயதில் மூத்தவருக்குத்தான் முன்சீட்டு என்பது எங்கள் ஜீப்புகளில் எழுதாத சட்டம். வண்டி கிளம்பியதும் சிலுவை போட்டுக்கொள்வார். அதற்கப்புறம் இறங்கும்வரை நான் ஓட்டுவதில் ஏதாவது குறை சொல்லிக்கொண்டே வருவார். ஒருநாள் வாயைத் திறக்காமல் வந்தால் உடம்புக்கு என்னவோ என்று எனக்குக் கவலை வந்துவிடும்.

ஒரு நாள் காலை வண்டியை எடுக்கும்போது அடியில் தரையில் சிவப்பாக எண்ணெய் சொட்டியிருந்தது. வளைவுகளில் ஸ்டீயரிங் திருப்பினால் முனகல் சத்தமும் கேட்டது. பவர் ஸ்டீயரிங்குக்கு எண்ணெயைக் கொண்டுபோக ஒரு குழாய், திரும்பக் கொண்டுவர ஒரு குழாய். திரும்பி வருகிற குழாயில்தான் கசிவு. வர்க்ஷாப்பில் கேட்டால், குழாயை முழுசாகத்தான் மாற்ற வேண்டும், கொச்சியிலிருந்து வரவழைக்க ஒரு வாரமாவது ஆகும் என்றார்கள். காயெடுப்பு நேரத்தில் ஒரு வாரம் வண்டியை நிறுத்துவது நடக்கிற காரியமா?

என் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நம்ம மருந்தடிக்கிற ஹோஸ்ல ஒரு துண்ட வெட்டி மாட்டு புள்ள. அது தாங்காத பிரஷரா?"

ஏலச்செடிக்கு மருந்தடிக்கும் அந்த மஞ்சள் ஹோஸைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் அதை வைத்துச் செய்யாத வேலை இல்லை. ஊற்றுத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவருவது அதுதான். துணி காயப்போடும் கொடி, மழைக்காலத்தில் கூரைத் தகரத்தைக் கட்டும் கயிறு, கோழிக்கூட்டின் கதவுக்குக் கீல், எல்லாம் அதுதான். மிஷினில் மாட்டி மருந்தடிக்கும்போது அது எவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறது என்று தினமும் பார்க்கிறோம். அதனால் எங்களுக்கு அதன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. நானும் யோசிக்காமல் ஒரு துண்டை வெட்டி, கசிந்த இடத்தில் குழாயை அறுத்து அதில் மாட்டி, இரண்டு பக்கமும் கிளாம்பு போட்டு முறுக்கிவிட்டேன். சில நாள் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அன்று பாதி நாள்தான் வேலை. மதியத்துக்கு மேல் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலையில் ஒரு இடதுபக்க வளைவு. இடப்பக்கம் மண்திட்டு, வலப்பக்கம் பள்ளம். ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். பானெட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. சூடான இஞ்சின்மேல் எண்ணெய் பட்டு வெள்ளையாகப் புகை கிளம்பியது. பின்னால் "தீ, தீ" என்று கத்தினார்கள். வண்டி திரும்பாமல் பள்ளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு, சீட்டை விட்டு எழுந்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு ஸ்டீயரிங்கை இடப்பக்கம் இழுத்தேன். எப்படித் திரும்பியது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. இடது மட்கார்டு மண்திட்டில் உரசி, வண்டி நின்றது.

யாருக்கும் பெரிய அடி இல்லை. ஒருத்திக்கு முழங்காலில் சிராய்ப்பு. முன்சீட்டு அக்காவுக்கு நெற்றி கம்பியில் இடித்து வீங்கிவிட்டது. எல்லோரும் இறங்கி ரோட்டோரமாக நின்றார்கள். அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். கடைசியாகப் போனவள் மட்டும் திரும்பிப் பார்த்து, "நாங்க திங்கக்கிழம நடந்தே போயிக்கிறோம்க்கா. நீங்க வண்டியப் பாருங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அந்த வழியாக வந்த ஒரு ஜீப்காரர் கயிறு கட்டி வண்டியை வீட்டுக்கு இழுத்துவந்து விட்டார். கொஞ்ச நேரத்தில் தோட்டத்து சூப்பர்வைசரின் போன். "திங்கக்கிழம காலைல வண்டி வரலன்னா வேற ஜீப்பத்தான் விடணும். தப்பா நினைக்காதம்மா" என்றார். ஆளேற்றும் இந்த ஓட்டம் ஒருமுறை இன்னொருவர் கைக்குப் போனால் திரும்பி வராது. வீட்டுக்காரர் எழுந்து நடக்க இன்னும் எத்தனையோ நாள் ஆகும். அந்த ஜீப்புதான் எங்களுக்குச் சோறு. ஆனால் வண்டியைச் சரிசெய்தாலும் அந்தப் பெண்கள் ஏறுவார்களா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. அவர்கள் ஏறாவிட்டால் ஓட்டம் இருந்தும் என்ன பிரயோஜனம்?

உள்ளே போனால் வீட்டுக்காரர், "நீ கிளாம்ப ஒழுங்கா முறுக்கியிருக்க மாட்ட" என்று ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெளியே போய் அந்த ஹோஸ் துண்டைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தேன். வெந்த கப்பைக்கிழங்கு மாதிரி கொழகொழவென்று இருந்தது. அவர் அதை அமுக்கிப் பார்த்தார்.

"இதுல பச்சத்தண்ணி மருந்துதான் போகும். கொதிக்கிற எண்ணெய்க்கு எப்படிங்க தாங்கும்?" என்றேன்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க யோசிக்கவிட்டீங்க?"

அதற்குமேல் சண்டை போட நேரமில்லை. பஸ் பிடித்து நெடுங்கண்டம் போனேன். உதிரிபாகக் கடைக்காரர் பழைய துண்டை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "சேச்சி, இது ஏலத்தினு மருந்தடிக்குந்ந ஓஸ் அல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார். ஆமாம் என்று நானும் சிரித்துவைத்தேன். எண்ணெய்க்கென்றே இருக்கும் ஹோஸ், கிளாம்புகள், ஸ்டீயரிங் எண்ணெய் எல்லாம் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் பூசைக்குப் போகவில்லை. நைட்டிமேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்துகொண்டார். "புது ஹோஸ மாட்டிட்டு வா, அவ்வளவுதான் வேல" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நல்ல இரும்புக் குழாய் முதலில் எதற்காகக் கசிய வேண்டும்? அதைக் கண்டுபிடிக்காமல் மாட்டினால் புதுசும் அதே கதிதான். டார்ச்சை அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். வண்டியின் சட்டத்தோடு குழாயைப் பிடித்து வைக்கும் ஒரு சின்ன கிளிப் துருப்பிடித்து ஒடிந்து போயிருந்தது. பிடி இல்லாத குழாய், கல்ரோட்டில் வண்டி குலுங்கும்போதெல்லாம் சட்டத்தின் விளிம்பில் உரசியிருக்கிறது. உரசின இடம், அறுத்த முனைக்குப் பக்கத்தில் இன்னும் பளபளவென்று மின்னியது.

"கண்டுபிடிச்சிட்டேங்க" என்று அடியிலிருந்தே சொன்னேன்.

"என்ன, சொல்லித் தொல" என்றார். சொன்னேன். "அடப்பாவி, அந்தக் கிளிப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

தேய்ந்த பகுதி முழுவதையும் ஹேக்ஸா பிளேடால் அறுத்தெடுத்தேன். கை எட்டாத இடம். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. விளிம்புகளை அரம் போட்டு ராவி, உள்ளே தூசி இல்லாமல் கழுவி, புது ஹோஸை ஆழமாகச் செருகி, ஒரு பக்கத்துக்கு இரண்டு கிளாம்பு வீதம் போட்டேன். ஒடிந்த கிளிப்புக்குப் பதில் மிச்சமிருந்த ஒரு கிளாம்பை, பழைய டியூப் ரப்பரைச் சுற்றி இறுக்கினேன். அப்புறம் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, எண்ணெய் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று வெளியேற ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பினேன். அவர் கட்டையை ஊன்றி எழுந்து வந்து பானெட்டைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் டப்பாவைக் குனிந்து பார்த்தார். "நுரை வருது, திருப்பு... இன்னும் வருது... ம், இப்ப நின்னுருச்சு." முந்தின நாள் சண்டை போட்ட ஆளா இவர் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வாசலெல்லாம் சிவப்பு எண்ணெய், கோழி அறுத்த இடம் மாதிரி கிடந்தது.

வெறும் வண்டியை ஜங்ஷன் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். முனகல் இல்லை. ஸ்டீயரிங் விரலுக்குத் திரும்பியது. அடியில் காகிதம் விரித்து, இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் பாரத்தோடு அதே மலையில் இறக்கிப் பார்க்காமல் யாரையும் கூப்பிடக் கூடாது என்று முடிவுசெய்திருந்தேன். தோட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த சாண மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஜீப்பின் பின்னால் ஏற்றினேன். ஆள் பாரத்துக்கு மூட்டை பாரம்.

அந்த நேரம் பார்த்துப் பூசை முடிந்து பெண்கள் அந்த வழியாக வந்தார்கள். நல்ல சேலை, தலையில் பூ. முன்சீட்டு அக்காவும் இருந்தார். நெற்றி வீக்கம் நீலமாகக் கன்றியிருந்தது. நான் பார்க்க முடியாமல் மூட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"பூசைக்கு வராம என்னடி பண்ற?" என்றார் அக்கா.

விவரத்தைச் சொன்னேன். எது கெட்டது, எதனால் கெட்டது, என்ன மாற்றினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் விரித்திருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் இருந்த ஒரு சாண மூட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டார்.

"என்னக்கா பண்றீங்க?"

"மூட்ட பேசுமா? வளைவுல வண்டி எப்படி இருக்குன்னு நாங்கதான சொல்லணும்."

"வேண்டாங்க்கா. முதல்ல நான் போயிட்டு வந்துர்றேன்."

"நீ மட்டும் போயி விழுந்தா பரவாயில்லயா? நாளைக்குக் காலையில ஏறி நடுங்குறத இன்னைக்கே நடுங்கித் தொலைச்சிர்றோம். எடுடி வண்டிய."

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சிரித்தாள். மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. எல்லோரும் அவரவர் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய்க் கையால் துடைத்து முகமெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டேன்.

மேலே போய்த் திரும்பி, முதல் கியரிலேயே இறங்கினேன். அந்த வளைவு வந்தது. அக்காவின் கை முன்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தது. அது வெடவெடவென்று நடுங்கியதை நான் பார்த்தேன். ஸ்டீயரிங் பணிவாகத் திரும்பியது. வளைவு தாண்டியதும் அக்கா, "இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஒடிச்சிருக்கலாம் நீ" என்றார். பின்னால் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மறுநாள் காலை வண்டி வழக்கம்போல் தோட்டத்துக்குப் போனது.

இப்போது வீட்டுக்காரர் நன்றாக நடக்கிறார்; ஆனாலும் ஜீப்பை நான்தான் ஓட்டுகிறேன். பயம் போகாமலே, பூசைச் சேலையோடு, எனக்காக அன்று வந்து உட்கார்ந்த பெண்கள்தான் இன்றும் தினமும் என் வண்டியில் ஏறுகிறார்கள் என்பதால், அடியில் படுத்து அந்தக் கிளாம்புகளைக் கையால் தொட்டுப் பார்க்காமல் ஒரு நாள்கூட நான் வண்டியை எடுத்ததில்லை.