வாசல் பல்பில் காணாமல் போன கோடுகள்

வலது கண்ணில் புரை எடுத்து மணவாள நகர் வீட்டுக்குத் திரும்பிய அன்று மாலையே என் சோதனையைத் தொடங்கினேன். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவனுக்குக் கண் டாக்டரின் எழுத்துப் பலகை போதவில்லை.

பழைய சிடி ஒன்றைச் சாய்த்து அதில் வாசல் சிஎஃப்எல் பல்பைப் பார்த்தால், பல்பின் உருவம் நிறம் நிறமாகப் பிரிந்து தனித்தனியாக நிற்கும். ஊதா, நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என ஐந்து. கண் மங்கியதிலிருந்து தினமும் எண்ணினேன். முதலில் ஊதா போனது, பிறகு நீலம். மூன்று ஆனதும்தான் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டேன்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிடியைச் சாய்த்தேன். தனியாக ஒன்றுகூட இல்லை. ஊதாவிலிருந்து சிவப்பு வரை இடைவெளியே இல்லாமல் ஒரே பூச்சு. இடது கண்ணிலும் அப்படித்தான். ஆனால் அது புரை விழுந்த கண். அதன் சாட்சி செல்லாது.

வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான் ஒளியை இழந்துகொண்டே சுருண்டு உள்ளே விழும் என்பது பழைய அணு மாதிரியின் கதி. அது உண்மையானால் எந்த வாயுவும் இப்படித் தொடர்ச்சியாகத்தான் நிறம் பூச வேண்டும். நிறங்கள் கோடு கோடாகத் தனித்தனியாக விழுவதால்தான், எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட படிகளே உண்டு, படி இறங்கும்போதுதான் ஒளி விடும் என்ற புதிய அணு மாதிரி நிலைத்தது. பல்புக்குள் இருக்கும் அணுக்கள் மாறாது. அப்படியானால் கெட்டது என் கண். அடுத்த மாதம் இடது கண்ணையும் அதே டாக்டரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"இன்னாங்க இது? கட்டுப் பிரிக்கசொல்ல நல்லா தெரியுதுன்னீங்களே?"

"எல்லா நிறமும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சு."

காக்களூர் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்த மகன், ஷூவைக் கழற்றியபடியே சிரித்தான். "நைனா, நீ ஆஸ்பத்திரில இருக்கசொல்ல அந்தப் பல்பு பியூஸ் போயிடுச்சு. நான்தான் எல்இடி மாட்டினேன். டாக்டர் மேல எதுக்குப் பழி போட்டுக்கினு கீற?"

எல்இடியின் வெள்ளை தொடர் நிறமாகத்தான் விழும். திடப்பொருளில் நெருங்கிக் கிடக்கும் அணுக்களின் படிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனக்குத் தெரியாததா? பல்பை நிமிர்ந்து பார்க்காமல் சிடியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. பல்பு மாறியதால் மட்டும் கண் சரியென்று ஆகிவிடாதே.

சமையலறை விளக்கை அணைத்து, கேஸ் அடுப்பின் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினேன். உப்பிலுள்ள சோடியம் தீயில் தனி மஞ்சளாகவே ஒளிவிடும்.

"ஐயோ, பர்னர் அடச்சுக்கும்! உங்களோட ஒரே பேஜாரு!" என்று மனைவி ஓடி வந்தாள்.

சிடியில் ஒரே ஒரு மஞ்சள் தீ, வேறு நிறம் கலக்காமல், கூர்மையான விளிம்போடு நின்றது.

"எத்தினி தெரியுது?" என்றாள் மனைவி.

"ஒண்ணு."

"எத்தினி தெரியணும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சோடியத்தின் மஞ்சள், உண்மையில் ஒட்டிக் கிடக்கும் இரண்டு கோடுகள். வெறும் படிகளைச் சொன்ன மாதிரியால் அதை விளக்க முடியவில்லை. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சியையும் சேர்த்த பிறகுதான் கணக்கு நேரானது. அந்த இரண்டை இந்தச் சிடி பிரித்துக் காட்டாது. எந்த இளங்கண்ணுக்கும் காட்டாது. தெரிந்தும் இன்னொரு சிட்டிகை தூவினேன்.

"ரெண்டு," என்றேன். "ஆனா இதுல ஒண்ணுதான் தெரியும்."

"அப்ப இடது கண்ணுக்கும் தேதி வாங்கிடலாமா?"

"வாங்கு," என்றேன், சிடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.