ரஹ்மான் பாயின் ஈரக் கை

ஹபீபுர் ரஹ்மான் இடது உள்ளங்கையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார். காய்ந்த கை பட்டால் மீனின் மேல் வழவழப்பு போய்விடும். அது அவர் கடைச் சட்டம். வலையில் துள்ளும் மீனை அந்த ஈரக் கையில் மல்லாத்தி, வால் பக்கம் வயிற்றடியில் ஒரே ஒரு பார்வை. மூன்று எண்ணுவதற்குள் தீர்ப்பு. "ஆம்பளை." மீன் தொட்டியில் போய் விழும். 'அநேகமாக', 'இருக்கலாம்' என்ற சொற்களை அறுபத்து நாலு வயதுவரை அந்த வாய் அறியாது.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் கடை. வாசலில் அவரே பெயிண்ட் அடித்த பலகை: 'ஆண், பெண் பார்த்துத் தரப்படும்.' கல்யாணத் தரகர் என்று நினைத்து ஜாதகத்தோடு வந்தவர்களும் உண்டு. அவர்களையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஆளுக்கொரு ஜோடி மீன்.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. கால்வாய்ச் சேற்றில் இடுப்பளவு இறங்கிச் சிவப்புப் புழு அள்ளி, மீன் கடைகளுக்குப் போட்டுத்தான் சொந்தமாக நாலு தொட்டி வாங்கினார். இன்று நாற்பது தொட்டி. "படிச்சவன் புஸ்தகத்துல மீனைப் பாத்தான். நான் மீனுலயே மீனைப் பாத்தேன். இன்னா வித்தியாசம், புரிதா?" என்பார். புரிகிறது என்று தலையாட்டும்வரை மீன் கவரில் விழாது.

கப்பி மீனில் ஆண் பெண் சொல்வது அவருக்குக் குழந்தை விளையாட்டு. சிக்லிட் ஜாதியில்தான் வீம்பு. கோடு போட்ட கான்விக்ட்டில் வயிற்றில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் அது பெண். பளபளப்பதெல்லாம் ஆண் என்று எண்ணி வருகிறவர்கள் அங்கே ஏமாறுவார்கள். வாஸ்துவுக்காகத் தலையில் மேடு வைத்த ஃபிளவர்ஹார்ன் கேட்டு வருகிறவர்களை நிறுத்தி வைத்துப் பாடம் எடுப்பார். "மேட்டைப் பாத்து மயங்காத நைனா. பொம்பளைக்கும் மேடு வரும். முதுகுத் துடுப்புல கறுப்பு தீத்துனாப்ல கீது பாரு, அத்த பாரு. அது பொம்பளை."

ஏஞ்சல் மீன் ஒன்றில்தான் வீட்டுக்குள் தகராறு. கவருக்கு ரப்பர் பேண்டு போட்டபடி மனைவி அஸ்மத்துன்னிசா சொல்வார்: "சின்னதுல ஏஞ்சலை யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஆறா குடுத்துடுங்க. வளந்தா அதுங்களே ஜோடி சேந்துக்கும்."

"ஆறு குடுக்கறதுக்கு நான் எதுக்கு? தராசு போதுமே!" என்பார் இவர்.

அப்படித்தான் மந்தைவெளி கஸ்தூரிரங்கனுக்கு ஓர் ஏஞ்சல் ஜோடி போனது. அவர் வானிலை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் 'மழை பெய்யக்கூடும்' என்றே எழுதிய மனிதருக்கு, ரஹ்மானின் "இது ஆம்பளை, இது பொம்பளை" காதில் தேன் வார்த்தது.

எட்டு மாதத்தில் முட்டை. கஸ்தூரிரங்கன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார். "பாய், இலையே தெரியலை! அவ்வளவு முட்டை!" ரஹ்மான் அந்தப் படத்தை டீக்கடை முதல் கறிக்கடைவரை காட்டினார். "ரெண்டு மடங்கு சார்! வேற ஜோடி இந்த மாதிரி போட்டுப் பாத்துகீறீங்களா? யாரு சேத்த ஜோடி?"

மூன்றாம் நாள் முட்டை அத்தனையும் வெளுத்துப் பஞ்சாகிவிட்டது.

"லாரித் தண்ணி சார்," என்று காரணம் சொன்னார் ரஹ்மான். மறுமுறை கேன் தண்ணீர் ஊற்றினார்கள். அப்போதும் வெளுத்தது. "வீட்ல இன்னா சத்தம்?" என்று விசாரித்தார். கஸ்தூரிரங்கனின் மனைவி விசாலாக்ஷி ஹாலில் வீணை வகுப்பு எடுப்பவர். "அதான! ஆம்பளை மீனு கூச்சப்படுது." வீணை சமையலறைப் பக்கம் போனது. கமகத்துக்கு நடுவே குக்கர் விசிலடித்தது. மூன்றாம் முறையும் வெளுத்தது.

கஸ்தூரிரங்கன் கடைக்கு வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: "பாய், ரெண்டுமே பொண்ணா இருக்கக்கூடுமோ?"

கடையில் நாலு பேர் இருந்தார்கள். ரஹ்மானுக்குக் காது சிவந்தது. "என் கையில தப்பா? இருந்துச்சுன்னா அந்த போர்டைக் கழட்டிடறேன் சார். அத்தோட ஹபீபுர் ரஹ்மான் பேச்சும் முடிஞ்சுது."

பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு விசாலாக்ஷியே போன் செய்தார். "பாய், இப்போ போட்டுண்டிருக்கு. ஒடனே வாங்கோ."

முட்டையிடும் வேளையில்தான் ஏஞ்சலின் வயிற்றடியில் சின்னக் குழாய் நீளும். ஆணுக்கு ஊசிமுனை போலக் கூர்மை. பெண்ணுக்கு அரிசி போல மொண்ணை. தொட்டிமுன் குந்தினார் ரஹ்மான். ஒரு மீன் இலையில் வயிற்றைத் தேய்த்து ஏறியது. மொண்ணைக் குழாய், பின்னால் வரிசையாக முட்டை. "பாத்தீங்களா, பொம்பளை! நான் அன்னிக்கே சொன்னேன்." அது விலகியது. அடுத்தது அதே இலையில், அதே நிதானத்தில் ஏறியது. ரஹ்மான் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டினார். மொண்ணை. பின்னால் இன்னொரு வரிசை முட்டை.

தெருத் தெருவாகக் காட்டிய இரண்டு மடங்கின் கணக்கு அந்த இலையிலேயே இருந்தது.

கஸ்தூரிரங்கன் மரியாதை தெரிந்தவர்; மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரஹ்மான் முழங்காலைப் பிடித்து எழுந்து, தோள் துண்டை உதறிப் போட்டார்.

"ரெண்டும் பொம்பளை சார். எழுதி வெச்சுக்கங்க. இத்த இவ்ளோ கரெக்டா கண்டுபிடிச்சுச் சொல்ல மெட்ராஸ்லயே ஆள் கெடையாது."

"அப்போ என் வீணையை ஹாலுக்கே கொண்டுவந்துடலாமோன்னோ?" என்றார் விசாலாக்ஷி.

"தாராளமா மாமி." செருப்பைத் தேடும் சாக்கில் குனிந்த தலை, படியிறங்கும்வரை நிமிரவில்லை.

மறுநாள் காலை கடை வாசலில் பலகை இல்லை. இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. டீக்கடைக்காரர் விசாரித்ததற்கு, "பெயிண்ட் அடிக்கணும்" என்றார் ரஹ்மான்.

அடையாறிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். "அங்கிள், ஏஞ்சல் ஒரு ஜோடி வேணும். நீங்க பாத்துக் குடுப்பீங்கன்னு சொன்னாங்க."

பழக்கம் விடுமா? கை தானாகத் தண்ணீரில் முங்கியது. வலை வீசியது. வெள்ளி நாணயம் போல ஒரு குட்டி ஏஞ்சல் உள்ளங்கையில் வாயைத் திறந்து மூடியது. ரப்பர் பேண்டு விரலிலேயே நிற்க, அஸ்மத்துன்னிசா நிமிர்ந்து பார்த்தார்.

ரஹ்மான் மீனை மல்லாத்தினார். மூன்று எண்ணியாயிற்று, பத்தும் ஆயிற்று. அவர் கையைக் கவருக்குள் இறக்கி, மீன் தானாக நழுவிப் போகும்வரை பொறுத்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு வலையை எடுத்து, ஒன்றையும் திருப்பிப் பார்க்காமல், இன்னும் ஐந்து மீனைப் பிடித்துக் கவரில் போட்டார்.